நடைவழியில் மாட்டிய ஓவியங்கள்: ‘மெல்லிய கறுப்புக் கோடு’ கண்காட்சியும் இடம் மீட்கும் அரசியலும்

2025ஆம் ஆண்டுக் கோடையில், லண்டன் நகரின் தற்காலக் கலை நிறுவனத்தில் (சுருக்கமாக ஐ.சி.ஏ.) பதினொரு பெண் கலைஞர்களின் படைப்புகளைக் கொண்ட கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அதே நிறுவனத்தில் 1985 நவம்பரில் தொடங்கி 1986 ஜனவரி வரை நடந்த ‘தி தின் பிளாக் லைன்’, அதாவது ‘மெல்லிய கறுப்புக் கோடு’ என்ற கண்காட்சியின் நாற்பதாம் ஆண்டையொட்டி இது அமைக்கப்பட்டது. இரண்டையும் அமைத்தவர் ஓவியர் லுபைனா ஹிமிட்.

இத்தகைய கண்காட்சிகளைப் பற்றிய செய்திகளில் ‘கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டாடுதல்’, ‘இடத்தை மீட்டெடுத்தல்’ என்ற இரண்டு தொடர்கள் தவறாமல் இடம்பெறும். தமிழ் வாசகருக்கு இரண்டிலுமே ஒரு குழப்பம் இருக்கிறது. முதலாவதாக, பதினொருவர் பட்டியலில் சுதபா பிஸ்வாஸ், சிலா குமாரி பர்மன் என்ற பெயர்கள் உள்ளன. ஒருவர் சாந்திநிகேதனில் பிறந்த வங்காளி. மற்றவர் லிவர்பூலை அடுத்த பூட்டில் என்ற ஊரில் பஞ்சாபிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இவர்கள் எப்படிக் கறுப்பினக் கலைஞர்கள் ஆனார்கள்? இரண்டாவதாக, 1985இலேயே லண்டனின் மையத்தில் கண்காட்சி வைக்க இடம் கிடைத்துவிட்டது என்றால், அதன்பிறகு மீட்க என்ன இருக்கிறது?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. வரிசையாகப் பார்க்கலாம்.

1985இல் நடந்தது என்ன?

ஹிமிட் 1954இல் சான்சிபாரில் பிறந்து, குழந்தையாக இருந்தபோதே இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டவர். விம்பிள்டன் கலைப்பள்ளியில் நாடக மேடை வடிவமைப்புப் படித்தார். பலகையை மனித உருவமாக அறுத்து, வண்ணம் தீட்டி, தரையில் நிற்கவைக்கும் அவருடைய பிற்காலப் பாணிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 1983இல் லண்டனின் ஆப்பிரிக்கா மையத்தில் ஐந்து கறுப்பினப் பெண்களின் படைப்புகளையும், அதே ஆண்டில் பேட்டர்சீ கலை மையத்தில் இன்னொரு பெரிய தொகுப்பையும் அவர் காட்சிப்படுத்தினார். மூன்றாவதாக அமைந்தது ஐ.சி.ஏ. கண்காட்சி.

கலந்துகொண்டவர்கள்: பிரெண்டா அகார்ட், சுதபா பிஸ்வாஸ், சோனியா பாய்ஸ், சிலா குமாரி பர்மன், ஜெனிஃபர் காம்ரி, லுபைனா ஹிமிட், கிளாடெட் ஜான்சன், இங்கிரிட் பொல்லார்ட், வெரோனிகா ரையன், மார்லின் ஸ்மித், மாட் சல்ட்டர். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். மார்லின் ஸ்மித்துக்கு 21 வயது. அகார்டும் சல்ட்டரும் இன்று உயிரோடு இல்லை.

ஐ.சி.ஏ. சாதாரண இடம் அன்று. பக்கிங்காம் அரண்மனைக்குச் செல்லும் ‘தி மால்’ சாலையில், வெள்ளை முகப்புக் கொண்ட அரச பாணிக் கட்டிட வரிசையில் அது இருக்கிறது. புதிய கலை எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்று நம்பிய நிறுவனம். அந்தக் கட்டிடத்துக்குள் இந்தப் பதினொருவருக்குக் கிடைத்தது காட்சிக்கூடம் அல்ல. நுழைந்தவர்கள் வேறு எங்கோ போகக் கடந்து செல்லும் நடைவழிச் சுவர்தான் கிடைத்தது.

தலைப்பில் உள்ள ‘மெல்லிய’ என்ற சொல் இதனால் இரட்டைப் பொருள் கொள்கிறது. ‘மெல்லிய சிவப்புக் கோடு’ என்பது எதிரிப்படைக்கு முன் மெலிந்த வரிசையாக நின்று தாக்குப்பிடித்த பிரிட்டிஷ் படைவீரர்களைக் குறிக்கும் பழைய ஆங்கிலத் தொடர். ‘மெல்லிய நீலக் கோடு’ என்றால் காவல்துறை. அந்த மரபுத்தொடரைக் கறுப்பாக மாற்றிய தலைப்பு, நடைவழியின் ஒடுங்கிய சுவரையும் அப்படியே வருணித்துவிட்டது.

‘கறுப்பு’ என்ற சொல் அன்று யாரைக் குறித்தது?

இன்று பிரிட்டனில் ‘கறுப்பினத்தவர்’ என்றால் ஆப்பிரிக்க அல்லது கரீபிய வம்சாவளியினர் என்றே பொருள். 1970களிலும் 1980களிலும் அதற்கு இன்னொரு பொருள் வழக்கில் இருந்தது. பிரிட்டிஷ் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளிலிருந்து வந்து, பிரிட்டனில் ஒரே வகையான பாகுபாட்டைச் சந்தித்த ஆப்பிரிக்கர், கரீபியர், தெற்காசியர் அனைவரையும் அது குறித்தது. தோலின் நிறத்தை அளந்து சொன்ன பெயர் அன்று. போராட்டத்தில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைச் சொன்ன பெயர். இதையே ‘அரசியல் கறுப்பு’ என்கிறார்கள்.

இந்தக் கருத்துக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஓர் ஈழத்தமிழர். அம்பலவாணர் சிவானந்தன் 1923இல் பிறந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். கொழும்பில் வங்கியில் பணியாற்றிய அவர், 1958இல் தமிழர்மீது நடந்த வன்முறைக்குப் பிறகு இலங்கையை விட்டு லண்டன் சேர்ந்தார். சேர்ந்த அதே ஆண்டில் அங்கே நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தது. ஒரு கலவரத்திலிருந்து தப்பி இன்னொரு கலவரத்துக்குள் வந்து நின்றவர் அவர். ஓரிடத்தில் தமிழன் என்பதற்காகவும் மற்றோரிடத்தில் கறுப்பன் என்பதற்காகவும் துரத்தப்படுவதன் பொதுத்தன்மையை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. லண்டனின் இனவுறவு ஆய்வு நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்து, 1972இல் அதன் போக்கையே மாற்றிய உள்போராட்டத்துக்குப் பிறகு இயக்குநரானார். ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ ஆய்விதழை நடத்தினார். கறுப்பு என்பது ஓர் அரசியல் நிறம் என்பது அவருடைய நிலைப்பாடு. நீங்கள் அங்கே வந்ததால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று புலம்பெயர்வையும் பேரரசையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப்போட்டவரும் அவரே. 2018இல் காலமானார்.

அன்றைய அமைப்புகளின் பெயர்களைப் பார்த்தாலே இந்த வழக்கு எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பது விளங்கும். 1979இல் லண்டன் சவுத்தாலில் பெரும்பாலும் தெற்காசியப் பெண்களால் தொடங்கப்பட்ட அமைப்பின் பெயர் ‘சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்’. இன்றும் அதே பெயர்தான்.

ஆகவே ஹிமிட் தம் பட்டியலில் பிஸ்வாஸையும் பர்மனையும் சேர்த்தது அன்றைய இயக்கத்தின் இயல்பான கணக்கு. இந்தக் கணக்கு பிற்பாடு குலைந்தது. தெற்காசியரின் மொழி, சமயம், பண்பாடு ஆகியவை இந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோகின்றன என்று சமூகவியலாளர் தாரிக் மொதூத் போன்றோர் 1980களின் இறுதியில் வாதிட்டனர். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதன்முறையாக இனப்பிரிவைக் கேட்டபோது, கறுப்பினத்தவருக்கு மூன்று கட்டங்கள், இந்தியருக்கு ஒரு கட்டம், பாகிஸ்தானியருக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக அச்சிட்டது. இன்றைய ஆப்பிரிக்க வம்சாவளி இளைஞர்கள் பலருக்கு இந்தப் பழைய பொதுப்பெயர் உவப்பானதன்று. தங்களுக்கே உரிய அனுபவத்தை அது கரைத்துவிடுகிறது என்கிறார்கள். தெற்காசியச் சமூகங்களுக்குள்ளேயே கறுப்பினத்தவர்மீது இருக்கும் நிறவெறியை நினைத்தால், அந்த மனக்குறையில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கலைக்கு ‘இடம்’ என்பது எத்தனை வகை?

செய்திகளில் ‘இடம்’ என்ற சொல் காற்றில் மிதக்கும் உருவகமாகவே வந்துபோகிறது. நடைமுறையில் அதை நான்காகப் பிரிக்கலாம். ஒன்று கிடைத்தால் மற்றவை தாமாகக் கிடைத்துவிடுவதில்லை. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

1. சுவர். படைப்பு சில வாரங்களுக்கு மாட்டப்படும் இடம். 1985இல் கிடைத்தது இது மட்டுமே, அதுவும் நடைவழியில். கண்காட்சி முடிந்ததும் ஆணிகூட மிஞ்சுவதில்லை.

2. பதிவு. கண்காட்சிக்கு வெளியிடப்படும் விவரநூல், நாளிதழ் விமர்சனம், கல்லூரிப் பாடத்திட்டம், ஆவணக்காப்பகம் ஆகியவை. முப்பது ஆண்டுகள் கழித்து ஆய்வு செய்ய வரும் மாணவருக்குச் சுவர் தெரியாது. பதிவு மட்டும்தான் தெரியும்.

3. நிரந்தரச் சேகரிப்பு. பொது அருங்காட்சியகம் ஒரு படைப்பை விலைகொடுத்து வாங்கிப் பொதுச் சொத்தாக வைத்துக்கொள்வது. வாங்கப்படாத படைப்பு கலைஞரின் வீட்டுப் பரணிலோ நண்பரின் கொட்டகையிலோ கிடக்கும், ஈரத்தில் கெடும், தொலைந்தும் போகும். இளமையில் ஒதுக்கப்பட்ட கலைஞருக்கு முதுமையில் முழுத்தொகுப்புக் கண்காட்சி வைக்க ஒரு நிறுவனம் முன்வந்தாலும், காட்டுவதற்குப் பழைய படைப்புகள் எஞ்சியிருக்க வேண்டுமே.

4. தேர்வு செய்பவரின் நாற்காலி. எதை மாட்டுவது, எதை வாங்குவது, யாரை அழைப்பது என்று முடிவெடுக்கும் பதவி. இதையே க்யூரேட்டர் என்கிறார்கள்; தமிழில் கண்காட்சி அமைப்பாளர் என்றும் காப்பாட்சியர் என்றும் இடத்துக்கேற்பச் சொல்கிறோம்.

1985இன் தனிச்சிறப்பு இந்த நான்காவது வகையில் இருக்கிறது. நிறுவனத்துக்குள் பதவி எதுவும் இல்லாத ஒரு கலைஞர், சக கலைஞர்களைத் தாமே தேர்ந்தெடுத்தார். நாற்காலி கிடைக்கும்வரை காத்திராமல் நின்றுகொண்டே அந்த வேலையைச் செய்தார் என்று சொல்லலாம்.

பெண்கள் தனியாக ஒரு கண்காட்சி வைத்ததற்கும் இங்கே காரணம் உண்டு. 1982 அக்டோபரில் வுல்வர்ஹாம்ப்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் முதலாவது தேசியக் கறுப்புக் கலை மாநாடு நடந்தது. எடி சேம்பர்ஸ், கீத் பைப்பர் முதலிய இளைஞர்கள் தொடங்கிய பி.எல்.கே. கலைக்குழு அதன் பின்னணியில் இருந்தது. அங்கே கிளாடெட் ஜான்சன், கறுப்பினப் பெண்ணின் உருவம் ஓவியத்தில் எப்படிக் கையாளப்படுகிறது என்பது குறித்துப் பேசியபோது அவையில் எதிர்ப்புக் கிளம்பியது. பெண்கள் தனி அறைக்குச் சென்று கலந்துரையாடலைத் தொடர்ந்தார்கள். வெள்ளையர் நிறுவனத்தில் இடம் கேட்ட இயக்கத்துக்குள்ளேயே பெண்களுக்கு இடம் இறுகிப்போயிருந்தது.

மூன்று படைப்புகள், அருகிலிருந்து

நடைவழிதானே என்று அந்தக் கலைஞர்கள் மென்மையான படங்களைக் கொண்டுவரவில்லை.

1985 செப்டம்பர் 28 அன்று காலை, தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனில் செர்ரி குரோஸ் என்ற தாயின் வீட்டுக்குள், அவருடைய மகனைத் தேடி ஆயுதம் தாங்கிய காவல்துறையினர் நுழைந்தார்கள். மகன் அங்கே இல்லை. சுடப்பட்டவர் தாய். இடுப்புக்குக் கீழே செயலிழந்து மீதி வாழ்நாளைக் கழித்த அவர் 2011இல் இறந்தார். காவல்துறையின் தவறுகள் அந்த மரணத்துக்குக் காரணமாயின என்று 2014இல் விசாரணை நடுவர் குழு முடிவு சொன்னது. தாய் சுடப்பட்ட அன்று கலவரத்தில் பிரிக்ஸ்டன் எரிந்தது. கண்காட்சி திறந்தது ஏழு வாரங்களுக்குப் பிறகு. மார்லின் ஸ்மித் ஐ.சி.ஏ.வின் சுவரிலேயே சாந்துகொண்டு ஒரு பெண்ணின் உருவத்தை வார்த்து நிறுத்தினார், அதனருகே குடும்பப் புகைப்படம், சுவரில் எழுத்து. ‘என் தாய் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறக்கிறாள். குண்டு துளைக்காத உடம்பல்ல அவளுடையது’ என்பது அதன் பொருள். படைப்பின் பெயர் ‘நல்ல இல்லப் பராமரிப்பு’, ஆங்கிலத்தில் ‘குட் ஹவுஸ்கீப்பிங்’. அது ஒரு புகழ்பெற்ற மகளிர் இதழின் பெயரும்கூட. வீட்டுக்குள் இருப்பதே பாதுகாப்பு என்று பெண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையின் முகத்தில் அந்தத் தலைப்பு அறைகிறது. அரண்மனைச் சாலையில் உள்ள ஒரு கட்டிடத்தின் நடைவழியில் அந்த உருவம் நின்றபோது, கடந்துசென்ற ஒவ்வொருவரும் ஒரு கணம் அந்த வீட்டு வாசலுக்குள் நுழைபவர் ஆனார். காட்சிக்கூடத்துக்குள் இருந்திருந்தால் இந்த விளைவு கிடைத்திருக்காது என்று தோன்றுகிறது. ஒதுக்கிய இடத்தையே ஸ்மித் கருவியாக்கிக்கொண்டார்.

இரண்டாவது, சுதபா பிஸ்வாஸின் ‘இறைச்சிக் கத்தி ஏந்திய இல்லத்தரசிகள்’. ஆள் உயரத்தை மிஞ்சும் ஓவியம். பல கைகளோடு, வெட்டிய தலைகளை மாலையாக அணிந்து நிற்கும் கரிய பெண் யாரென்று தமிழ் வாசகருக்கு விவரநூல் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் காளியின் உடை சமையலறைப் பெண்ணுடையது. ஒரு கையில் கத்தி, ஒரு கையில் ரோஜா. இன்னொரு கையில் பிடித்த தாளில், 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்டெமிசியா ஜென்டிலெஸ்கி வரைந்த, விவிலியக் கதை நாயகி யூதித்தின் ஓவியம் இருக்கிறது. யூதித்தும் பகைவனின் தலையைக் கொய்தவள்தான். ஐரோப்பிய ஓவிய மரபையும் காளியையும் ஒரே அடுப்படியில் சேர்த்துவைக்கிறார் பிஸ்வாஸ். மேல்விளிம்பு சுவரை விட்டு முன்னோக்கிச் சாயும்படி ஓவியம் மாட்டப்படுவதால், எதிரே நிற்பவர்மீது அவள் கவிழ்ந்து வருவதுபோல இருக்கும்.

மூன்றாவது, அதே 1985இல் ஹிமிட் செய்த ‘காரட்’ படைப்பு. அறுத்த பலகையில் இரண்டு உருவங்கள். ஒற்றைச் சக்கர வண்டியில் தடுமாறும் வெள்ளைக்கார ஆண் ஒருவன், கோலின் நுனியில் ஒரு காரட்டைக் கட்டி நீட்டுகிறான். அவனுக்கு முன்னே நடக்கும் கறுப்பினப் பெண்ணின் கை நிறையப் பொருள்கள். நின்று அந்தக் காரட்டைப் பிடிக்க அவளுக்குக் கையும் இல்லை, தேவையும் இல்லை. கழுதையை நடக்கவைக்கக் காரட்டைத் தொங்கவிடுவது ஆங்கிலேயர் வழக்கு. நம்மூர் அரசியலில் இதற்கு எலும்புத்துண்டு வீசுவது என்பார்கள். கண்காட்சி வாய்ப்பு, நல்கை, பாராட்டுரை எல்லாம் எந்த உள்நோக்கத்தோடு நீட்டப்படுகின்றன என்பது தங்களுக்குத் தெரியும் என்று சொல்லும் படைப்பு இது. கொண்டாட்டக் கண்காட்சிகள் குறித்து இன்று எழுதப்படும் நீண்ட விமர்சனங்களை அந்த இரண்டு பலகைகள் முன்கூட்டியே சொல்லிவிட்டன.

பணம் எங்கிருந்து வந்தது, எப்போது நின்றது?

1981இல் பிரிக்ஸ்டன், லிவர்பூலின் டாக்ஸ்டத் உள்ளிட்ட பல நகர்ப் பகுதிகளில் கலவரங்கள் நடந்தன. அதன்பின் உள்ளாட்சி அமைப்புகள் சிறுபான்மையினர் கலைகளுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கின. லண்டனில் கென் லிவிங்ஸ்டன் தலைமையிலான பெருநகர மன்றம் இதில் முன்னணியில் இருந்தது. தாட்சர் அரசு அந்த மன்றத்தையே கலைத்தது. 1986 மார்ச் 31 அதன் கடைசி நாள். ‘மெல்லிய கறுப்புக் கோடு’ முடிந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. 1983இல் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் தொடங்கப்பட்ட கறுப்புக் கலைக் காட்சிக்கூடமும் 1990களின் தொடக்கத்தோடு மூடப்பட்டது.

பணம் வந்த விதத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. 1976இல் நசீம் கான் தயாரித்த அறிக்கை, பிரிட்டன் கண்டுகொள்ளாத குடியேறிய சமூகங்களின் கலைகளை முதன்முறையாக விரிவாகப் பட்டியலிட்டது. அதன்பிறகு ‘இனச் சிறுபான்மைக் கலை’ என்ற நிதிப்பிரிவு உருவானது. நோக்கம் நல்லதே. ஆனால் நவீன ஓவியம் வரையும் ஒரு கராச்சிக்காரரோ கயானாக்காரரோ, நவீன ஓவியர் என்ற தகுதியில் விண்ணப்பித்தால் கதவு மூடியிருக்கும். தன் இனத்தின் மரபுக் கலையைக் காட்டுபவராக வந்தால் சிறிது திறக்கும். கராச்சியில் பிறந்த சிற்பி ரஷீத் அரைன் இதைக் கடுமையாக எதிர்த்தார். கலவரங்களுக்குப் பின் அரசு வழங்கிய நிதி, ஒன்றாக நின்ற ‘கறுப்பு’ அரசியலை இனம் இனமாகப் பிரித்துப் போட்டியாளர்களாக்கியது என்று சிவானந்தனும் அதே ஆண்டுகளில் எழுதினார்.

இடையில் காணாமற்போன ஆண்டுகள்

1985க்குப் பின் ஒரேயடியாக இருள் சூழ்ந்தது என்று சொல்வது மிகை. டேட் காட்சியகம் 1987இல் சோனியா பாய்ஸின் ஓர் ஓவியத்தை வாங்கியது. அதன் சேகரிப்பில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பிரிட்டிஷ் பெண் அவர், வயது 25. ஆனால் பிரிட்டனின் முதன்மையான தேசிய நவீனக் கலைச் சேகரிப்பு அந்த ‘முதல்’ என்ற சொல்லுக்கு 1987வரை காத்திருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மற்றவர்கள் ஆசிரியப் பணி, ஆவணப் பணி என்று வாழ்க்கையை நகர்த்தினார்கள். ஹிமிட் பிரெஸ்டனில் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்துகொண்டு, கறுப்பினக் கலைஞர்களின் அழைப்பிதழ், விவரநூல், கடிதம் ஆகியவற்றைத் திரட்டி ஓர் ஆவணத் திட்டத்தை நடத்தினார். மேலே சொன்ன இரண்டாம் வகை இடத்தை, நிறுவனங்கள் தராதபோது கலைஞரே கட்டினார் என்று பொருள்.

விதிகள் எப்படிச் சத்தமில்லாமல் விலக்குகின்றன என்பதற்கு, பிரிட்டனின் புகழ்பெற்ற தற்காலக் கலைப் பரிசான டர்னர் பரிசு நல்ல எடுத்துக்காட்டு. 1984இல் தொடங்கிய இந்தப் பரிசுக்கு 1991இலிருந்து, ஐம்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. இளையோரை ஊக்குவிக்கும் விதி. அதில் இனம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இருபதுகளில் நடைவழியில் நிறுத்தப்பட்டு, முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பெரிய காட்சிக்கூடங்களின் அழைப்பே வராத ஒருவர், கவனிக்கப்படும்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். ஹிமிட் 2004இலும் வெரோனிகா ரையன் 2006இலும் அந்த எல்லையைக் கடந்தார்கள். 2017இல் விதி நீக்கப்பட்டது. அதே ஆண்டில் 63 வயது ஹிமிட் பரிசு பெற்றார். பரிசு பெற்ற முதல் கறுப்பினப் பெண், அதுவரையிலான வெற்றியாளர்களில் மிக மூத்தவர். 2022இல் 66 வயதில் பரிசு பெற்று அந்த வயதுச் சாதனையை முறியடித்தவர் ரையன். அவ்வாண்டு இறுதிப்பட்டியலில் இங்கிரிட் பொல்லார்டும் இருந்தார். 2024 பட்டியலில் கிளாடெட் ஜான்சன் இடம்பெற்றார். நடைவழியில் நின்ற பதினொருவரில் நால்வர், வயது விதி போன பிறகே அந்தப் பரிசின் வாசலுக்கு வந்தார்கள்.

அதே 2022இல் வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைவிழாவில் பிரிட்டன் சார்பில் பங்கேற்ற சோனியா பாய்ஸ், சிறந்த நாட்டு அரங்குக்கான தங்கச் சிங்க விருதை வென்றார். அதற்கு முன்பு, 2020 தீபாவளி நாளில், கொரோனா ஊரடங்கால் உள்ளே யாரும் நுழைய முடியாதிருந்த டேட் பிரிட்டன் கட்டிடத்தின் முகப்பைச் சிலா பர்மன் காளி, பிள்ளையார், ஜான்சி ராணி, ஐஸ்கிரீம் வண்டி என்று நியான் விளக்குகளால் மூடினார். ஐஸ்கிரீம் வண்டி அவருடைய தந்தையின் தொழில். ரையன் ஹாக்னி பகுதியின் தெருவில் சீத்தாப்பழம், சீமைப்பலா, முள்சீத்தா ஆகியவற்றை வெண்கலத்திலும் சலவைக்கல்லிலும் பெரிதாகச் செய்து நிரந்தரமாக வைத்தார். 1948இல் ‘விண்ட்ரஷ்’ கப்பல் வந்ததிலிருந்து கரீபியத்தினின்றும் குடியேறிய தலைமுறைக்கான நினைவுச் சின்னம் அது. குழந்தைகள் ஏறி உட்காரும் அந்தப் பழங்களை, எந்தக் கண்காட்சி முடிந்தாலும் யாரும் கழற்றி எடுத்துச் செல்ல மாட்டார்கள்.

தனிக் கண்காட்சி: வாசலா, வேலியா?

கறுப்பினக் கலைஞர்களுக்கு மட்டுமான கண்காட்சிகள் குறித்து இரண்டு தரப்பு வாதங்களும் அந்த இயக்கத்துக்குள்ளிருந்தே வந்தவை.

ரஷீத் அரைன் 1978இல், கலைகளுக்கு அரசு நிதியைப் பகிர்ந்தளிக்கும் கலை மன்றத்திடம் முன்வைத்த திட்டம், பதினோரு ஆண்டுகள் கழித்து 1989இல் லண்டன் ஹேவர்ட் காட்சிக்கூடத்தில் ‘தி அதர் ஸ்டோரி’ என்ற கண்காட்சியாக நடந்தது. ஆப்பிரிக்க, கரீபிய, ஆசிய வம்சாவளிக் கலைஞர்கள் 24 பேர், போருக்குப் பிந்தைய பிரிட்டனின் நவீனக் கலை வரலாற்றில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நிறுவிய பெருமுயற்சி. அதில் பெண்கள் நால்வரே. விடுபட்டவர்களின் வரலாற்றை எழுதும்போதும் சிலர் விடுபட்டார்கள். மறுபுறம், சிற்பி அனிஷ் கபூர் அதில் பங்கேற்க மறுத்தார். இனத்தை அடிப்படையாகக் கொண்ட தொகுப்பில் வைத்துத் தன் படைப்பு பார்க்கப்படுவதை அவர் விரும்பவில்லை. இரண்டு ஆண்டுகளில் அவருக்கு டர்னர் பரிசு கிடைத்தது. இதை வைத்து, ஒதுங்கி நின்றவர் வென்றார், சேர்ந்து நின்றவர் தோற்றார் என்று கணக்குப் போடுவது எளிது. அது தவறான கணக்கு. கபூருக்கு அப்போதே வலுவான வணிகக் காட்சிக்கூடத்தின் ஆதரவு இருந்தது. மறுக்கும் வசதி இருந்தவர் மறுத்தார். எந்தப் பெயர்ப்பலகையும் வேண்டாம் என்று சொல்ல, முதலில் உள்ளே நின்றிருக்க வேண்டும்.

தனிக் கண்காட்சிகளின் மெய்யான குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கண்காட்சி நடத்திவிட்டால் கடமை முடிந்தது என்று நிறுவனம் நினைத்துக்கொள்ள அது வழிவிடுகிறது. 2015க்குப் பிறகு சோனியா பாய்ஸ் தலைமையில் நடந்த ஓர் ஆய்வுத் திட்டம், பிரிட்டனின் முப்பது பொதுச் சேகரிப்புகளைத் துழாவியது. ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளிக் கலைஞர்களின் படைப்புகள் ஏறத்தாழ 2,000 அவற்றில் இருந்தன. வாங்கப்படவே இல்லை என்ற பொதுவான முறையீடு முழு உண்மையன்று என்று தெரிந்தது. வாங்கப்பட்டவற்றில் பல, காட்சிச் சுவருக்கு வராமல் கிடங்கு அடுக்குகளில் இருந்தன. கிடங்கிலிருக்கும் ஓவியத்தை வெளியே எடுப்பதற்குப் புதிய பணம் வேண்டியதில்லை; நான்காம் வகை இடத்தில், அந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

நாற்காலியில் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கு இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைப் பார்க்கலாம். கம்பளி ஆலைகளில் வேலைக்கு வந்த பாகிஸ்தானிய, இந்தியக் குடும்பங்கள் நிறைந்த நகரம். அங்குள்ள நகராட்சிக் காட்சியகமான கார்ட்ரைட் ஹாலில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து நிமா பூவையா-ஸ்மித் என்ற காப்பாட்சியர், தெற்காசிய, கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார். தலைநகரத்து நிறுவனங்கள் தயங்கி நின்ற காலம் அது. சுதபா பிஸ்வாஸின் கத்தி ஏந்திய காளி இன்று பிராட்ஃபோர்டின் பொதுச் சேகரிப்பில்தான் இருக்கிறாள். லண்டன் கண்காட்சிகளுக்கு அங்கிருந்து இரவல் போய்வருகிறாள். 2025இல் டர்னர் பரிசுக் கண்காட்சியும் லண்டனை விட்டு அதே கார்ட்ரைட் ஹாலுக்கு வந்தது.